தாய்மொழியும் செவியும்: திருத்தணியிலிருந்து சீனத் தொனிகள் வரை

திருத்தணி என்னும் பெயரின் உயிர் அதன் ணகரத்தில் இருக்கிறது. சூரனோடு போர் முடித்த முருகன் சினம் தணிந்து அமர்ந்த மலை ஆதலால் தணிகை என்று பெயர் வந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் விளக்கம். ணகரத்தை னகரமாக்கினால் 'தணி' என்பது 'தனி' ஆகிவிடும். தமிழ் பேசுபவருக்கு இவை இரண்டும் வெவ்வேறு சொற்கள். ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த ஒருவரிடம் இவற்றை மாற்றி மாற்றிச் சொல்லிக் காட்டினால், ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வதாகவே பெரும்பாலும் அவருக்குத் தோன்றும். அவருடைய காதில் பழுதில்லை. நாவை மடித்து எழுப்பும் மூக்கொலிக்கு அவருடைய மொழியில் தனி இடம் கிடையாது, அவ்வளவுதான்.

இதே நிலை தமிழருக்கும் வரும். சீனாவின் பொதுமொழியாகிய மாண்டரினில் 'மா' என்ற அசையை உயர்ந்த, சமமான குரலில் சொன்னால் தாய். கீழிருந்து மேலே ஏற்றிச் சொன்னால் சணல். தாழ்த்தி வளைத்துச் சொன்னால் குதிரை. மேலிருந்து சட்டென இறக்கிச் சொன்னால் திட்டுதல். தமிழில் 'மா' என்பதை எந்தக் குரலில் சொன்னாலும் மாமரம் மாமரமே. ஆகவே சீனம் கற்கத் தொடங்கும் தமிழ் மாணவர் முதல் வாரத்தில் திகைத்துப் போகிறார். தாய்மொழி ஒருவரின் செவியை எவ்வாறு வடிவமைக்கிறது என்பது இன்று மொழியியலும் உளவியலும் சேர்ந்து ஆராயும் துறை. அத்துறைக்குப் பெயர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே அதன் தடயங்கள் நம் ஊர்ப்பெயர்களிலும் இலக்கண நூல்களிலும் பதிந்துவிட்டன.

ஊர்ப்பெயர்களில் அயலார் செவி

கடல் வழியே வந்த ஐரோப்பியர் தமிழகத்து ஊர்ப்பெயர்களை எழுதிவைத்த முறையைப் பலர் 'சிதைவு' என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். சற்று நின்று பார்த்தால் அச்சிதைவில் ஓர் ஒழுங்கு தெரியும். தூத்துக்குடி 'டூட்டிகோரின்' ஆயிற்று. தரங்கம்பாடி 'டிராங்குபார்' ஆயிற்று. கொள்ளிடம் 'கோலரூன்' ஆயிற்று. மூன்றிலும் இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் டகரம், ரகரமாகியிருக்கிறது. தமிழர் அவ்விடத்தில் டகரத்தை அழுத்திச் சொல்வதில்லை. மடிந்த நாக்கு அண்ணத்தைத் தட்டிவிட்டு உடனே இறங்கிவிடும். அவ்வாறு தட்டும் நாமடி ஒலி போர்த்துகீசிய மொழியில் இல்லை. தட்டும் ரகரம் உண்டு. வந்த ஒலியைத் தமக்குத் தெரிந்த பெட்டிகளுள் மிக அருகில் இருந்த ஒன்றில் போட்டார்கள்.

இதை விதியாக்கிவிடவும் கூடாது. கோழிக்கோடு 'காலிக்கட்' ஆனபோது டகரம் டகரமாகவே நின்றது, ழகரம்தான் லகரமாயிற்று. அப்பெயர் ஐரோப்பாவுக்கு அரபு வணிகர்களின் 'காலிகூத்' வழியாகச் சென்றது. அதாவது ஒரு செவியில் வடிகட்டப்பட்டு, இன்னொரு செவியில் மறுபடியும் வடிகட்டப்பட்டது. படியெடுத்தோர் கைப்பிழையும் எழுத்துக்கூட்டும் வழக்கமும் இவற்றோடு சேர்ந்துகொள்ளும். எனவே ஒற்றைப் பெயரை வைத்து எதையும் நிறுவ முடியாது. ஒரே வகை மாற்றம் பல பெயர்களில் திரும்ப வரும்போதுதான் அது சான்றாகிறது.

2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு நெருக்கமாக மாற்றி ஆணை பிறப்பித்தது. கடும் விமர்சனம் எழவே, அதே மாதத்தில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. எத்தனை எழுத்தைக் கூட்டினாலும் ணகரத்தையும் னகரத்தையும் ரோம எழுத்தில் பிரித்துக் காட்டுவது கடினம்; காட்டினாலும் பழகாத செவிக்கு அது எட்டாது.

இலக்கணிகள் கண்ட சல்லடை

19ஆம் நூற்றாண்டின் இறுதி வரை மேலை அறிஞர் சிலரிடம் ஒரு கருத்து வேரூன்றியிருந்தது. அமெரிக்கப் பழங்குடியினரின் சொற்களை எழுதிக்கொண்டபோது ஒரே சொல் ஒருநாள் ஒரு விதமாகவும் மறுநாள் வேறு விதமாகவும் காதில் விழுந்தது. அதனால் அம்மக்களின் மொழிகளில் ஒலிகள் நிலையற்றவை என்றும், அது வளர்ச்சியடையாத மொழியின் அடையாளம் என்றும் எழுதினார்கள். 1889இல் மானிடவியலாளர் பிரான்ஸ் போவாஸ் ஒரு சிறு கட்டுரையில் இதை உடைத்தார். ஒலிகள் தடுமாறவில்லை, எழுதியவரின் செவிதான் தடுமாறியது என்றார். தம் மொழியில் இல்லாத ஓர் ஒலி, கேட்பவரின் மொழியில் உள்ள இரண்டு ஒலிகளுக்கு நடுவே விழும்போது அவர் ஒருமுறை இதையும் ஒருமுறை அதையும் கேட்கிறார். எழுதியவர்களின் தாய்மொழி எது என்பதைப் பார்த்தே அவர்கள் எப்படிப் பிழை செய்வார்கள் என்று ஊகிக்க முடிந்தது. இன்றும் 'அவனுக்கு நாக்கு வராது', 'அவள் காது மந்தம்' என்று அயல்மொழி பேசுவோரைக் கேலி செய்பவர்கள் போவாஸுக்கு முந்தைய காலத்திலேயே நிற்கிறார்கள் எனலாம்.

இக்கருத்துக்குப் பின்னாளில் பொருத்தமான உவமை கிடைத்தது. ரஷ்ய மொழியியலாளர் நிக்கொலாய் துருபெட்ஸ்கோய், தாய்மொழியின் ஒலியமைப்பு ஒரு சல்லடை போன்றது. கேட்கும் பேச்செல்லாம் அதன் வழியே சலித்தே உள்ளே வருகிறது என்றார். அவர் மறைந்த பின் 1939இல் வெளியான ஒலியனியல் நூலில் இது இடம்பெற்றது.

சலிக்கும் வேலையைத் தமிழ் இலக்கணிகள் விதியாகவே எழுதிவைத்திருந்தார்கள். வடசொற்கள் தமிழுக்கு வரும்போது வட எழுத்தை விட்டுத் தமிழ் எழுத்தோடு பொருந்தி வர வேண்டும் என்பது தொல்காப்பியர் கருத்து. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் நன்னூல் ஒருபடி மேலே போய், எந்த வட எழுத்து தமிழில் எந்த எழுத்தாகத் திரியும் என்றே பட்டியலிடுகிறது. இவை எழுத்துக்கான விதிகள், செவிக்கானவை அல்ல என்று ஒருவர் வாதிடலாம்; அந்த வாதத்தில் நியாயமும் உண்டு. ஆனால் நாவுக்கும் காதுக்கும் முற்றிலும் அயலான ஒரு திரிபை எந்த இலக்கணியும் விதியாக்கியிருக்க முடியாது.

எழுத்து வேறு, காது வேறு

இங்கே ஒரு பொதுத் தவற்றைத் திருத்த வேண்டும். தமிழில் வல்லினத்துக்கு ஒரே எழுத்து இருப்பதால் தமிழர் காதுக்கு அந்த வேறுபாடுகளே கேட்பதில்லை என்று சிலர் எழுதுகிறார்கள். 1856இல் வெளியான தம் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல், தமிழ் வல்லினம் சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் தொண்டை அதிராமல் ஒலிப்பதையும், சொல்லின் நடுவில் அதிர்ந்து ஒலிப்பதையும் திராவிட மொழிகளின் சிறப்பு விதியாக எடுத்துக்காட்டினார். 'கடல்', 'பக்கம்', 'தங்கம்' ஆகிய மூன்றிலும் உள்ள ககரத்தைச் சொல்லிப் பார்த்தால் இது விளங்கும். இடம் தெரிந்தால் ஒலி தெரிந்துவிடும். தனி எழுத்துக்குத் தேவையில்லை.

கால்டுவெல் சொன்ன நிலை அப்படியே நின்றுவிடவில்லை. இரக்கத்தைக் குறிக்கும் 'பாவம்', முகக்குறிப்பைக் காட்டும் 'பாவம்' ஆகிய இரண்டையும் இன்றைய தமிழர் பலர் வேறுபடுத்தியே சொல்கிறார்கள், வேறுபடுத்தியே கேட்கிறார்கள். எழுத்துதான் ஒன்று. தெலுங்கையும் தமிழையும் ஆராய்ந்த லீ லிஸ்கர், ஆர்தர் ஆபிரம்சன் என்னும் அமெரிக்க ஒலியியலாளரோடு சேர்ந்து 1964இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில் 11 மொழிகளின் வல்லினங்களைக் கருவி கொண்டு அளந்தார். அவற்றுள் தமிழும் ஒன்று. ஆங்கிலத்தைப் போலவே தமிழையும் சொல்முதலில் இருவகை வல்லினம் கொண்ட மொழிகளோடு அவர்கள் சேர்த்தார்கள். இந்தியும் மராத்தியும் நான்கு வகை கொண்டவை. ஆகவே தமிழ்ச் செவிக்கு உண்மையில் சிரமம் தருவது வடமொழி வழி வந்த மூச்சொலிகள்தாம்.

எல்லையில் ஓர் ஊர்

தெலுங்கும் தமிழும் தெருவில் கலந்து ஒலிக்கும் திருத்தணிப் பகுதியில் இந்த நுட்பங்கள் அன்றாடப் புழக்கம். பறவையின் கூடு தெலுங்கில் தொண்டை அதிரும் ககரத்தோடு ('கங்கை' என்பதில் முதலில் வரும் ஒலி) தொடங்கும். அதே சொல்லைத் தமிழில் போல் அதிராத ககரத்தோடு சொன்னால் தெலுங்கில் அது சோறு. நம்முடைய 'கூழ்' என்பதன் உடன்பிறப்பு. தமிழ் எழுத்தில் எழுதினால் இரண்டும் 'கூடு'தான். மறுபக்கம், தமிழின் ழகரம் தெலுங்கில் பல சொற்களில் டகரமாகிவிட்டது. ஏழு 'ஏடு' ஆனது. கோழி 'கோடி' ஆனது. இன்று தெலுங்கர் தமிழ்ப் பெயர்களை எழுதும்போது ழகரத்துக்கு ளகரத்தைப் போடுகிறார்கள். பழநி அவர்களுக்குப் 'பளநி'. அதற்காக அவர்களைக் குறை சொல்ல முடியாது. தமிழ்நாட்டிலேயே ழகரத்தை ளகரமாகச் சொல்பவர்கள் ஏராளம்.

இந்த இருமொழி வாழ்வு அரசியல் கணக்கில் எப்படிப் பதிவாயிற்று என்பது தனி வரலாறு. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது திருத்தணி அதில் சேர்ந்தது. 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூரோடு திருத்தணியும் அங்கே போயிற்று. ம.பொ.சிவஞானமும் தமிழறிஞர் மங்கலங்கிழாரும் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டம் இதை எதிர்த்து எழுந்தது. நடுவராக அமர்த்தப்பட்ட பதாஸ்கர் 1957இல் அளித்த பரிந்துரை, கிராமத்தை அலகாகக் கொண்டு, 1951 மக்கள்தொகைக் கணக்கின் தாய்மொழிப் பெரும்பான்மையையும் நிலத் தொடர்ச்சியையும் பார்த்து எல்லையைப் பிரித்தது. 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதி சென்னை மாநிலத்துக்கு வந்தது. பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் சில ஊர்கள் ஆந்திராவுக்குச் சென்றன.

எல்லை பிரிக்க வேறு நேர்மையான வழி இருந்திருக்குமா என்பது ஐயமே. ஆயினும் அக்கணக்கில் ஒருவருக்கு ஒரு தாய்மொழிதான். 1888 செப்டம்பர் 5இல் திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் தெலுங்கு பேசும் குடும்பத்தவர். அப்பட்டியலில் அவர் தெலுங்கராகவே எண்ணப்படுவார். அவருடைய பிள்ளைப் பருவச் செவி எந்த மொழிக்குரியது என்று கேட்டால் ஒற்றைச் சொல்லில் விடை தர முடியாது. செவி வீட்டில் மட்டும் உருவாவதில்லை. தெருவிலும் சந்தையிலும் கோயில் படிகளிலும் உருவாகிறது.

குழந்தையின் முதல் ஆண்டு

இதற்கு ஆய்வுச் சான்று உண்டு. 1984இல் ஜேனட் வெர்கரும் ரிச்சர்ட் டீஸும் கனடாவில் ஒரு சோதனை நடத்தினர். இந்தியில் பல்லைத் தொட்டு ஒலிக்கும் தகரத்தையும் நாவை மடித்து ஒலிக்கும் டகரத்தையும் ஆங்கிலக் குடும்பத்துக் கைக்குழந்தைகளுக்குக் கேட்கச் செய்தார்கள். 6 முதல் 8 மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் வேறுபாட்டை உணர்ந்தனர். 10 முதல் 12 மாதக் குழந்தைகளில் மிகச் சிலரே உணர்ந்தனர். பேசத் தொடங்கும் முன்பே சல்லடை பின்னப்பட்டுவிடுகிறது. 'தணி', 'தனி' சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

2003இல் பட்ரிசியா குல் குழுவினர் இன்னொன்றைக் காட்டினர். 9 மாத அமெரிக்கக் குழந்தைகளோடு மாண்டரின் பேசும் பெரியவர்கள் நேரில் உட்கார்ந்து விளையாடிப் படித்துக் காட்டினர். மொத்தம் 12 அமர்வுகள். அக்குழந்தைகள் மாண்டரின் மெய்யொலி வேறுபாட்டைத் தக்கவைத்துக்கொண்டனர். அதே பேச்சைத் திரையிலோ ஒலிப்பதிவிலோ கேட்ட குழந்தைகளுக்கு அப்பயன் கிட்டவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் குழந்தையைத் தூக்கிவைத்துக்கொண்டு பேசும் தெலுங்கோ தமிழோ செய்யும் வேலையைத் தொலைக்காட்சி செய்வதில்லை.

தொனி என்னும் சோதனை

மெய்யெழுத்தைவிட விந்தையானது தொனி. ணகரம் ஆங்கிலத்தில் இல்லை. ஆனால் குரலின் ஏற்ற இறக்கம் எல்லா மொழியிலும் உண்டு, தமிழிலும் உண்டு. கதை கேட்கும்போது நாம் கொட்டும் 'ம்' ஒன்றே போதும். இறக்கிச் சொன்னால் ஆமாம். ஏற்றிச் சொன்னால் என்ன என்ற கேள்வி. நீட்டி அலைத்தால் சந்தேகம். 'வந்தான்' என்பது குரலால் செய்தியாகவும் கேள்வியாகவும் மாறும். அதாவது தமிழ்ச் செவி குரலேற்றத்தை நன்றாகவே பிடிக்கிறது. ஆனால் அதைப் பேசுபவரின் மனநிலைக்கும் வாக்கியத்துக்கும் உரியதாகக் கணக்கு வைத்திருக்கிறது. சொல்லின் பொருளோடு அதைச் சேர்ப்பதில்லை. மாண்டரினின் ஏறு தொனி கேள்வி போலவும், இறங்கு தொனி அதட்டல் போலவும் தொடக்க மாணவருக்குத் தோன்றுவதற்குக் காரணம் இதுவே. ஆங்கிலம், பிரெஞ்சு பேசுவோரை வைத்துக் கோனி சோவும் கேத்தரின் பெஸ்டும் செய்த ஆய்வுகளில், கேட்போர் சீனத் தொனிகளைத் தம் மொழியின் கேள்வி, கூற்று போன்ற வாக்கியக் குரல்களோடு பொருத்திக் கேட்டது வெளிப்பட்டது.

தொனிகளை அளந்து எழுதும் முறையை 1930இல் சீன மொழியியலாளர் யுவான் ரென் சாவ் வகுத்தார். குரலை 5 படிகளாகக் கொண்டு மாண்டரினின் நான்கு தொனிகளையும் 55, 35, 214, 51 என்று குறித்தார். முதலாவது மேல்படியிலேயே நிற்பது. இரண்டாவது நடுவிலிருந்து ஏறுவது. மூன்றாவது தாழ்ந்து எழுவது. நான்காவது உச்சியிலிருந்து அடிக்கு விழுவது. இரண்டும் மூன்றும் பலருக்கும் குழப்பும். ஜாக் காண்டூர் 1980களில் காட்டியது இதைவிட நுட்பமானது: தொனிமொழி பேசுவோர் குரல் செல்லும் திசைக்கு அதிகக் கவனம் தருகிறார்கள், ஆங்கிலம் பேசுவோர் குரல் உயரமா தாழ்வா என்பதையே பெரிதும் பார்க்கிறார்கள். இருவர் காதிலும் விழும் ஒலி ஒன்றே. அவர்கள் கவனிக்கும் கூறுதான் வேறு.

தொனிமொழி பேசுபவர் என்றால் எல்லாத் தொனியும் எளிது என்றும் இல்லை. காண்டனீஸ் மொழியில் உயர்தொனிக்கு இறங்கும் வடிவமும் வழங்கியதால், அம்மொழியினர் மாண்டரினின் முதல் தொனியையும் நான்காம் தொனியையும் குழப்பிக்கொள்வது ஆய்வுகளில் பதிவாகியுள்ளது.

கைக்குழந்தைகளிடம் தொனியும் மெய்யொலியின் வழியிலேயே செல்கிறது. ஆங்கிலக் குடும்பத்துக் குழந்தைகளின் தொனியுணர்வு 6 மாதத்துக்கும் 9 மாதத்துக்கும் இடையே குறைந்துவிடுவதை மாடக், பர்னம் இருவரும் 2006இல் கண்டனர். அதே ஏற்ற இறக்கத்தைப் பேச்சாக அல்லாமல் வயலின் ஒலியாகக் கேட்கச் செய்தபோது அக்குறைவு தென்படவில்லை. காது மங்கவில்லை, பேச்சு என்று தெரிந்தால் மட்டும் அது தொனியைப் புறக்கணிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது.

இந்தியாவுக்குத் தொனி அயலானது அன்று. மணிப்புரி, மிசோ, போடோ ஆகியவை தொனிமொழிகள். பஞ்சாபியில் சாட்டை, தொழுநோயாளி, குதிரை ஆகிய மூன்று சொற்களையும் பிரித்துக் காட்டுவது தொனியே. வேத மொழியில் உதாத்தம், அனுதாத்தம், சுவரிதம் என்ற குரல்நிலைகள் இருந்தன. பாணினி அவற்றுக்கு இலக்கணம் சொன்னார். இந்திரனைக் கொல்லும் மகன் வேண்டி வேள்வி செய்த துவஷ்டா, 'இந்திரசத்ரு' என்ற சொல்லில் குரலை இடம் மாற்றிச் சொன்னதால், இந்திரனைக் கொல்பவன் என்பதற்கு மாறாக இந்திரனால் கொல்லப்படுபவன் என்று பொருளாகி, பிறந்த விருத்திரன் மாண்டான் என்ற கதையைப் பதஞ்சலியும் எடுத்தாள்கிறார். தொனிப்பிழைக்கு இதைவிடப் பெரிய விலை கொடுத்தவர் கதை வேறெங்கும் இருக்குமா தெரியவில்லை.

பயிற்சியும் இசையும்

சல்லடையை மீண்டும் பின்ன முடியுமா? ஓரளவு முடியும். 1999இல் யூ வாங் குழுவினர் அமெரிக்க மாணவர்களுக்கு இரண்டே வாரத்தில் 8 அமர்வுகள் தொனிப் பயிற்சி அளித்தனர். பல குரல்களில் சொற்களைக் கேட்பது, எந்தத் தொனி என்று சொல்வது, உடனே சரிபார்ப்பது, முறை இவ்வளவே. மாணவர்களின் தொனி அறியும் திறன் 21 விழுக்காடு கூடியது. 6 மாதம் கழித்தும் நிலைத்திருந்தது. ஒரே ஆசிரியர் குரலில் மட்டும் பயில்பவர் அந்தக் குரலைத்தான் கற்கிறார், தொனியை அல்ல என்பது மாணவர்கள் கவனிக்க வேண்டியது.

இசைப் பழக்கமும் துணை நிற்கிறது. பேட்ரிக் வாங், நினா கிராஸ் முதலியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், மாண்டரின் அறியாத ஆங்கிலம் பேசுவோருள் இசை பயின்றவர்களின் மூளைத்தண்டு மாண்டரின் அசைகளின் குரலோட்டத்தைத் துல்லியமாகப் பின்தொடர்ந்தது தெரியவந்தது. திருத்தணிக்கு இவ்வகையில் ஒரு தொடர்பு உண்டு. முத்துசுவாமி தீட்சிதர் தம் முதல் கீர்த்தனையை மாயாமாளவகௌளை இராகத்தில் இம்மலையில்தான் பாடினார் என்பது இசை மரபு சொல்லும் செய்தி. முருகன் முதியவராக வந்து அவர் வாயில் கற்கண்டு இட்டார் என்பார்கள். அதே இராகத்தில்தான் இன்றும் பிள்ளைகள் சரளி வரிசை தொடங்குகிறார்கள். கர்நாடக இசையில் சுரம் நின்ற இடத்தில் நிற்பதில்லை. தோடியின் காந்தாரம் அசைந்தால்தான் காந்தாரம். குரல் எந்தத் திசையில் நகர்கிறது என்பதைக் கேட்கும் பழக்கம் அங்கே சிறுவயதிலேயே தொடங்குகிறது. ஆனால் பேச்சில் தொனி நொடியின் ஒரு சிறு பகுதியில் முடிந்துவிடும். அதற்குள் சொல்லோடு அதை முடிச்சுப் போட வேண்டும். பாட்டுக் காது இருந்தாலும் இந்த முடிச்சைத் தனியாகப் பயில வேண்டியிருக்கும்.

எதிர்த்திசையில் வந்தவர்களும் உண்டு. பெய்ஜிங்கிலிருந்து சீன வானொலியின் தமிழ் ஒலிபரப்பு 1963இல் தொடங்கியது. தமிழ்ப் பெயர் சூட்டிக்கொண்ட சீன அறிவிப்பாளர்களின் தமிழைச் சிற்றலை வானொலியில் கேட்டுக் கடிதம் எழுதிய நேயர்கள் தமிழகமெங்கும் இருந்தனர். மாண்டரின் பேசுபவருக்குத் தமிழ் ழகரம் நாம் எண்ணுவதுபோல அவ்வளவு அயலானதல்ல. அவர்கள் மொழியின் ரகரம் அதற்கு மிக நெருங்கியது. ழகரம் தமிழுக்கே உரியது என்ற பெருமிதத்துக்கு மலையாளமும் சீனமும் இடம் தருவதில்லை. அவர்களுக்கு உண்மையான தடை வேறிடத்தில் இருக்கிறது. மாண்டரின் வல்லினம் எதிலும் தொண்டை அதிராது. மூச்சு வெளிப்படுகிறதா இல்லையா என்பதே அங்கே கணக்கு. ஆகவே இரக்கத்துக்குரிய 'பாவம்', முகத்தில் தெரியும் 'பாவம்' ஆகிய இரண்டும் அவர்கள் செவியில் ஒரே பெட்டிக்குள் போய் விழுகின்றன.